மோட்டார் வந்த வருசம்

புதுச்சத்திரம்
6-8-1938

தங்கச்சி வசந்தாமணிக்கு,

சௌந்திரம் அக்கா எழுதறது. இங்க நானும் அப்பாவும் ஒரு கொறையும் இல்லாம இருக்கறோம். அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் காலைல எந்திரிக்கறப்ப வருது, வெயில் ஏறுனாப் போயிருது. எடப்பாடியில சித்தப்பா, சித்தி, அருணகிரி எல்லாம் எப்புடி இருக்கறாங்க? எருமை முட்டிக் கையில காயம்னு எழுதுனயே, ஆறிப்போச்சா?

ஒரு சங்கதி கேக்கோணும். எந்தக் காரு படத்தைக் காட்டுனாலும் அது எந்த வருசத்துக் காருன்னு சொல்லிருவேன்னு போன கடுதாசில பீத்திக்கிட்டயல்ல? எங்க ஊட்டுச் செவுத்துல ஒரு போட்டோ இருக்குது. நாங்க முந்தி அயோத்தியாப்பட்டணத்துல இருந்தப்ப எடுத்தது. ரோடு அளக்க வந்த தொரையோட வண்டி முள்ளுக் குத்தி நம்ம களத்துக்கிட்ட நின்னுபோச்சாம். கூட வந்த தொரைசானி எல்லாரையும் காரு முன்னால நிக்கவெச்சுப் படம் எடுத்து, பொறவு தபால்ல அனுப்பியிருக்குது. அதுல எங்கம்மா கையில இருக்கற மூணு மாசக் கொழந்தைதான் நானு.

நான் எப்பப் பொறந்தேன்னு ஆரு கேட்டாலும் அப்பா சொல்றது ஒண்ணே ஒண்ணு, மோட்டார் வந்த வருசம். மாசம் ஆவணி, நட்சத்திரம் அத்தம், அதெல்லாம் தெரியும். வருசந்தான் தெரியாது. சாதக ஓலை கூரை தீப்புடிச்சப்பப் போயிருச்சு, கேக்கறதுக்கு அம்மாளும் இல்ல. இப்ப அத்தனூர்ல ஒரு எடத்துல இருந்து சாதகம் கேக்கறாங்க. வருசம் தெரிஞ்சாத்தான் மேக்கொண்டு பேசுவாங்களாம். காரு எந்த வருசம்னு நீ சொன்னா, நான் எந்த வருசம்னு தெரிஞ்சுபோகும். அவசரம் ஒண்ணுமில்ல, நல்லா ரோசனை பண்ணி எழுது.

வேற விசேசம் இல்ல. கெணத்துல ஆயில் இன்ஜின் நின்னுபோச்சு, அத்தனூர்ல இருந்து மயில்சாமின்னு ஒருத்தர் சைக்கிள்ல வந்து சரிபண்ணிட்டுப் போனாரு. தண்ணி குடிக்க ஊட்டுக்குள்ள வந்தப்ப அந்தப் போட்டோவைப் பாத்துட்டு, இந்தக் கொழந்தை ஏன் இத்தனை கோவமாப் பாக்குதுன்னு கேட்டாரு. நான் தண்ணிச் சொம்பை நீட்டிட்டு உள்ள போயிட்டேன்.

பெரியவிய எல்லாருக்கும் என்ற கும்பிடு சொல்லு.
சௌந்திரம்

*

எடப்பாடி
13-8-1938

அன்புள்ள அக்கா,

நாங்க எல்லாரும் சுகம், கை ஆறிப்போச்சு, அந்த எருமையும் சுகமா இருக்குது, பெரியப்பா முட்டிக்கு நொச்சித் தழைய வதக்கிக் கட்டச் சொல்றாங்க அம்மா. சேதி முடிஞ்சுது, இப்ப காரு.

நெசமாவே உங்க ஊட்டுல கார் படம் இருக்குதா, இத்தனை வருசமா எனக்குச் சொல்லவே இல்லயே நீயி. உன்ற கடுதாசிய நாலு தடவை படிச்சுப்போட்டேன். அக்கா, அது என்ன காருன்னு நீ ஒரு வார்த்தை எழுதல. எல்லாரும் நிக்கறாங்கன்னு எழுதியிருக்கற, காரு எப்புடி நிக்குதுன்னு எழுத வேண்டாமா?

நான் எப்புடிக் கண்டுபுடிக்கறேன்னு சொல்றேன், கேளு. சேலம் பஸ் ஷெட்டுல அருணகிரி அண்ணன் வேலை செய்யறானல்ல, அங்க வர்ற சாமானெல்லாம் பழைய இங்கிலீஷு மோட்டார் பத்திரிகைத் தாள்லதான் சுத்தி வருது. தாள அவன் கசக்காம எடுத்தாந்து எனக்குக் குடுக்கறான். நான் வெட்டி கஞ்சிப் பசையில நோட்டுல ஒட்டறேன். முந்நூத்தி பதினொரு படம் சேந்துபோச்சு. இங்கிலீஷு எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனா நம்பர் நல்லா வரும். இதெல்லாம் போக ஃபோர்டு வண்டிக்கு ஒரு பார்ட்ஸ் புக்கு இருக்குது. எந்த வருசத்து வண்டிக்கு எந்தச் சாமான்னு படம் போட்டு வருசம் போட்டு இருக்கும். ஷெட்டு மேஸ்திரி எலி கடிச்சதுன்னு தூக்கிப் போட்டது. எலி ஓரத்தத்தான் தின்னிருக்குது, வருசத்தத் தின்னல.

அம்மா சொல்றாங்க, கட்டிக்குடுத்த எடத்துல நோட்டைத் தூக்கி அடுப்புல போட்டுருவாங்கன்னு. போடற எடத்துக்கு நான் போறதா இல்ல.

அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. ஆகாதுன்னா, முன்னால நின்னு பாத்து இதுக்கெல்லாம் பதில் எழுது. மூஞ்சில ரேடியேட்டர்னு ஒரு சல்லடையாட்ட இருக்கும், அதைச் சுத்தி வெள்ளையா மின்னுதா, கறுப்பா இருக்குதா? லைட்டு எத்தனை? லைட்டுல இருந்து ரப்பர் குழாய் ஏதாச்சும் கீழ போகுதா? ரேடியேட்டர் மேல எழுத்து இருந்தா அப்புடியே வரைஞ்சு அனுப்பு. உனக்குக் கோலம் நல்லா வருமே, அந்தக் கையில லைட்டையும் வரை.

சீக்கிரம் எழுது, எனக்குச் சோறு எறங்கல.
உன்ற வசந்தா

*

புதுச்சத்திரம்
27-8-1938

தங்கச்சிக்கு,

சோறு எறங்கலைன்னு எழுதாத, சித்தி படிச்சா என்னையத்தான் திட்டுவாங்க. இங்க எல்லாம் தேவலை. நொச்சி கட்டுனதுல அப்பாவுக்குக் கொஞ்சம் குணம்.

படத்தை எறக்க அப்பா உடமாட்டேங்கறாங்க. அம்மா இருக்கற படம் அது ஒண்ணுதான். வெள்ளிக்கெழமை பூ வெக்கறதுக்குக்கூட அவியதான் தொடுவாங்க. அதனால நாற்காலி போட்டு ஏறி நின்னு பாத்து எழுதறேன்.

சல்லடையைச் சுத்தி வெள்ளையா மின்னுது. லைட்டு ரெண்டு, பெருசா, செம்பைக் கவுத்தாட்ட இருக்குது. ரெண்டுல இருந்தும் குழாய் கீழ எறங்குது. எழுத்து இருக்குது, வரைஞ்சிருக்கறேன், மொதல் எழுத்து நாத்தங்கால்ல வளைச்சு உட்ட கவுறாட்ட இருக்குது. லைட்டையும் வரைஞ்சேன், பாத்துச் சிரிக்காத. காரோட பின்பக்கம் படத்துல இல்ல. அந்த ஓரத்துலதான் அம்மா நிக்கறாங்க. அவிய முகமும் என்னைய அணைச்ச ஒரு கையுந்தான் தெரியுது.

அத்தனூர்க்காரவிய மறுபடி ஆள் உட்டுக் கேட்டாங்க. மாப்பிள்ளைக்கு நள வருசமாம். அவிய அம்மா முத்தாயம்மாள்னு பேரு, எல்லாத்துலயும் கணக்கா இருப்பாங்களாம். நீ சொன்னா எனக்கு மட்டும் எழுது, நான் அப்பாகிட்டப் பக்குவமா சொல்லிக்கறேன்.

மயில்சாமி இந்த வாரமும் வந்தாரு. இன்ஜின்ல ஒண்ணும் கெடல, இருந்தாலும் பாத்துட்டுப் போனாரு. சாதகம் கேட்ட எடமும் அவிய ஊடுதான்னு உனக்கு எழுதுனேனா இல்லையான்னு ஞாபகமில்ல.

மழை இல்ல. சோளம் வாடுது.
சௌந்திரம்

*

(கார்டு)

எடப்பாடி
3-9-1938

மரியாதைக்குரிய பெரியப்பா சின்னுசாமி அவியளுக்கு,

வசந்தாமணி கும்புட்டு எழுதறதுங்க. இங்க எல்லாரும் சுகமுங்க. உங்க முட்டி வலி தேவலைங்களா?

உங்க ஊட்டுப் படத்துல இருக்கறது ஃபோர்டு வண்டிங்க. பித்தளை ரேடியேட்டர், கேஸ் லைட்டு. 1914-ஆம் வருசம், இல்லீன்னா அதுக்கும் முந்துனதுங்க. அதுக்குப் பொறவு வந்த ஃபோர்டுக்கெல்லாம் கரண்டு லைட்டுங்க. அதனால சௌந்திரம் அக்காளுக்கு இந்த ஆவணிக்கு இருவத்தி நாலு முடியுதுங்க. இதுல எள்ளளவு சந்தேகம் இல்லீங்க. கண்ணுல பாக்காம, அக்கா வரைஞ்ச கோட்ட வெச்சே கண்டுபுடிச்சேனுங்க. அக்கா எனக்கு மட்டும் எழுதுன்னா. இத்தனை பெரிய சேதிய ஒருத்தருக்கு மட்டும் எப்புடிங்க எழுதறது? எல்லாருத்துக்கும் படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

உங்க மக மாதர,
வசந்தாமணி

*

எடப்பாடி
1-10-1938

அக்கா,

எல்லாரும் நல்லா இருக்கறோம். நீ எப்புடி இருக்கற? பெரியப்பாவுக்கு நான் போட்ட கார்டு வந்துச்சா? வந்திருந்தா ஒரு வரி எழுதியிருப்பயே. நாலு வாரமாத் தபால்காரரு எங்க ஊட்டைத் தாண்டித்தான் போறாரு. நான் வாசல்ல நிக்கறதப் பாத்து இப்ப தூரத்துலயே கையை ஆட்டிர்றாரு.

படம் முந்நூத்தி இருவத்தி ஆறு ஆச்சு. மூணே சக்கரத்துல ஒரு காரு கெடச்சுது, முன்னால ஒண்ணு பின்னால ரெண்டு. அண்ணன் நம்பல, நாலாவது சக்கரத்த எலி தின்னிருக்கும்னான்.

நள வருசம்னு எழுதியிருந்தயே, அது எத்தனைன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இங்கிலீஷு வருசந்தான். அப்பாகிட்டக் கேக்கோணும்னு நெனைச்சு மறந்துபோனேன். அது முக்கியமா?

எதாச்சும் எழுது.
வசந்தா

*

புதுச்சத்திரம்
15-10-1938

வசந்தாமணிக்கு,

கடுதாசி வந்துச்சு. ஒரு வாரம் காய்ச்சல், அதான் எழுதல. இப்ப எந்திரிச்சு நடமாடறேன். அப்பா சுகம். உங்க ஊட்டுல எல்லாரும் சுகம்னு தெரிஞ்சு சந்தோசம்.

கொஞ்ச நாளைக்குக் காரு பத்தி எழுத வேண்டாம். இன்ஜினுக்கு இப்ப அப்பா நாமக்கல்ல இருந்து வேற ஆளக் கூப்படறாங்க.

தீவாளிக்கு உனக்கு என்ன சீலை எடுத்தாங்க?
சௌந்திரம்

*

எடப்பாடி
29-10-1938

அக்கா,

காய்ச்சல் நின்னுபோச்சா? கஞ்சி குடிக்கறயா? இங்க எல்லாரும் சுகம், என்னையத் தவுத்து.

அருணகிரி அண்ணன் நாமக்கல் பஸ்ஸுல டூட்டி போனவன், புதுச்சத்திரத்துல எறங்கித் தண்ணி குடிச்சிருக்கறான். எடப்பாடின்னு சொன்னதுமே அங்க இருந்தவியெல்லாம் சிரிச்சுட்டு, கார்டு போட்ட புள்ளைக்கு நீ அண்ணனான்னு கேட்டிருக்கறாங்க. நடந்ததெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தபால்காரர் காளியண்ணன் என்ற கார்டைச் சந்தைக் கூட்டத்துக்கு நடுவுல பெரியப்பாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுனாராம். 1914-ன்னா பஞ்சாங்கத்துல என்ன வருசம்னு ஆரோ கேட்டு, ஆனந்த வருசம்னு அவரே கணக்குப் போட்டுச் சொன்னாராம். நள வருசம் அதுக்கு ரெண்டு வருசம் பின்னாலயாம். மாப்பிள்ளைய விடப் பொண்ணு மூத்ததுன்னு அன்னிக்கே அத்தனூருக்குச் சேதி போயிருச்சு. முத்தாயம்மா பேச்சு வேண்டாம்னுட்டாங்களாம்.

கவர்ல எழுதியிருக்கோணும், உனக்கு மட்டும் எழுதியிருக்கோணும். நீயி எழுதச் சொன்னதும் அப்புடித்தான். நான் கார்டுல எழுதி, படிச்சுக் காட்டச் சொல்லியும் உட்டேன். நீயி என்னைய ஒரு வார்த்தை திட்டல. காய்ச்சல்னு எழுதியிருக்கற. தீவாளிச் சீலை என்னன்னு கேட்டிருக்கற. அக்கா, நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தா அன்னிக்காச்சும் தூங்கியிருப்பேன்.

இன்ஜினுக்கு வேற ஆள்னு நீ எழுதுனது எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது. இன்ஜின்ல ஒண்ணும் கெடல, இருந்தாலும் வந்தாருன்னு எழுதுனதும் புரிஞ்சுது. படம் படமாப் பாக்கறேன், ஒரு கடுதாசியப் பாக்கத் தெரியல எனக்கு.

அழுது முடிச்சுட்டு ரோசனை பண்ணேன். அண்ணன் டூட்டி போற பஸ்ஸு 1929 வண்டி. இன்னிக்கு அது முன்னால நான் நின்னு படம் எடுத்தா, அது 1929-ல எடுத்த படம் ஆயிருமா? எனக்கு இப்ப பதினேழு வயசு, படத்தப் பாத்து எனக்கு அப்பவே பதினேழுன்னு எவளாச்சும் கணக்குப் போட்டா, நோட்டைப் புடுங்கி நானே அடுப்புல போடுவேன். அதையேதான் நான் உனக்குப் பண்ணிப்போட்டேன். காரு 1914. தொரை அதை எந்த வருசம் அயோத்தியாப்பட்டணத்துக்கு ஓட்டியாந்தாருன்னு காரைப் பாத்தாத் தெரியாது. காரு பொறந்த வருசத்த உன்ற தலைல கட்டிட்டேன்.

உனக்குச் சாதகமாப் பொய் எழுதித் தர மாட்டேன், அது வேற. ஆனா நான் பாக்காமச் சொன்னேன். படத்த எனக்கு அனுப்பு அக்கா. பெரியப்பா கால்ல வேணும்னாலும் உழறேன்.

வசந்தா

*

புதுச்சத்திரம்
14-11-1938

கண்ணு வசந்தாவுக்கு,

அழுகாத. நான் நல்லா இருக்கறேன், நெசமா. கஞ்சி நின்னு சோறு சாப்புடறேன். சித்தி, சித்தப்பாவைக் கேட்டதாச் சொல்லு.

திட்டலாம்னு ரெண்டு தடவை காகிதத்த எடுத்தேன். எள்ளளவு சந்தேகம் இல்லீங்கன்னு நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்துரும், சிரிப்பு வந்துரும். பொறவு எப்புடித் திட்டறது?

அப்பாகிட்ட நானே கேட்டேன். மக்யா நாள் காலைல அவியளே படத்தை எறக்கி, என்ற மடியில வெச்சுட்டுக் காட்டுக்குப் போயிட்டாங்க.

சட்டத்தைப் பிரிச்சப்ப ஒண்ணு தெரிஞ்சுது. கண்ணாடிக்குப் படம் பெருசாப் போச்சுன்னு, சட்டம் போட்டவன் வலது ஓரத்த நாலு வெரக்கடை பின்னால மடிச்சு உட்டிருக்கறான். இத்தனை வருசமா அது மடிச்சேதான் இருந்திருக்குது. நீவிப் பாத்தேன். அம்மாவோட இன்னொரு கை அதுக்குள்ள இருந்துச்சு. வளையல் போட்டிருக்கறாங்க, மூணு. எங்கம்மாளுக்கு ரெண்டு கையும் இருந்துச்சுன்னு தெரியாதா எனக்கு, இருந்தாலும் அந்த வளையலை வெரலால தொட்டுத் தொட்டுப் பாத்தேன். காரோட பின்பக்கமும் அதுலதான் இருக்குது.

கெட்டி அட்டைக்கு நடுவுல வெச்சு அனுப்பியிருக்கறேன். பத்தரம்.

ஒண்ணு மட்டும். நீ பாத்துட்டு மறுபடியும் ஆனந்த வருசந்தான்னு தெரிஞ்சா, அதையே எழுது. எனக்காக மாத்தாத. அந்த எடம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதை ஆருகிட்டயும் நான் சொன்னதில்ல, உனக்குத்தான் எழுதறேன். புடிச்சிருந்துச்சுங்கறதுக்காகப் பொய்யான சாதகத்தோட போயி அந்த ஊட்டுல உக்காந்தா, தெனமும் அந்த மனுசன் மூஞ்சியப் பாக்கறப்ப அதுதான் ஞாபகம் வரும்.

பதில் கவர்லயே எழுது.
அக்கா

*

எடப்பாடி
22-11-1938

அக்கா அக்கா அக்கா,

எல்லாரும் சுகமா இருப்பீங்கன்னு வெச்சுக்கறேன், கேக்கப் பொறுமை இல்ல.

படம் முந்தாநாள் வந்துச்சு. மொதல்ல காரை நான் பாக்கல, சத்தியமா. பெரியம்மாவைத்தான் பாத்தேன். உன்னையப் பாத்தேன், நெசமாவே கோவமாத்தான் இருக்கற. பொறவு நீ எழுதுன அந்தக் கையைப் பாத்தேன். மூணு வளையல், அதுக்குக் கீழ வெரலு. வெரலு எங்க இருக்குதுன்னு பாத்தயா நீயி? காரோட பின்சக்கரத்து மேல வெச்சிருக்கறாங்க. கட்டை வெரலுக்குப் பக்கத்துல, சக்கரத்து ரிம்முல ஒரு பொடைப்பு இருக்குது. அது போல்ட்டு. சுத்திப் பாத்தா இன்னும் ரெண்டு தெரியுது, நாலாவது பெரியம்மா சீலைக்குப் பின்னால.

முன்சக்கரத்துல போல்ட்டு இல்ல. 1914 ஃபோர்டு சக்கரத்துல ரிம்முக்குப் போல்ட்டே கெடையாது, முள்ளுக் குத்துனா ரோட்டுலயே உக்காந்து டயரை நெம்பித்தான் எடுக்கோணும். போல்ட்டைக் கழட்டுனா ரிம்மோட டயரு கையில வர்ற சக்கரம் ஃபோர்டு வண்டியில அதுக்குப் பொறவுதான் வந்துச்சு. பார்ட்ஸ் புக்குல படமும் இருக்குது வருசமும் இருக்குது. 1919. எலி தின்ன பக்கத்துக்கு அடுத்த பக்கம், ஒரு பக்கம் தப்பியிருந்தா என்ற கதி என்ன ஆகியிருக்கும்னு பாரு.

பழைய வண்டிக்குத் தொரை பின்னால புதுச் சக்கரம் போட்டிருக்கறாரு அக்கா. இன்னும் வராத சக்கரத்தப் போட்டுட்டு ஆரும் வர முடியாது. அப்ப அந்தப் படம் 1919-க்கு முந்தி எடுத்ததா இருக்கவே முடியாது. மூணு மாசக் கொழந்தையா இருந்த உனக்கு இன்னிக்குப் பத்தொம்பதுக்கு மேல இருக்க முடியாது. கொறைச்சலா இருந்தாலும் இருக்கலாம், அது இந்தப் படத்துல தெரியாது, அதனால நான் சொல்ல மாட்டேன். நள வருசம் எத்தனைன்னு இந்தத் தடவை அப்பாகிட்டக் கேட்டுப்போட்டேன். 1916. மாப்பிள்ளைக்கு நீ எளையவதான்.

என்ற கண்ணை நானே நம்பாம அண்ணனோட சேலம் போயி மேஸ்திரிகிட்டயும் காட்டுனேன். அவரு பொம்பளப் புள்ளைக்கு ஷெட்டுல என்ன வேலைன்னாரு, பொறவு கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்துட்டு, போல்ட்டு ரிம்முதான், பத்தொம்பதுக்கு முந்தி இந்தப் பக்கத்து ஃபோர்டுல ஒண்ணுகூட அவரு பாத்ததில்லைன்னாரு. அதுக்கப்புறம் ஷெட்டுல நின்ன வண்டியெல்லாம் எனக்கு ஒண்ணொண்ணாக் காட்டுனாரு. அது வேற கதை, அதை இப்ப எழுத மாட்டேன்.

படம், புக்குல அந்தப் பக்கம், மேஸ்திரி எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு எல்லாம் இதுக்குள்ள இருக்குது. கவர்தான். ரிஜிஸ்டர் பண்ணியிருக்கறேன்.

வசந்தா

*

புதுச்சத்திரம்
19-12-1938

வசந்தாவுக்கு,

எல்லாம் பத்தரமா வந்துச்சு. நாங்க சுகம். சித்தி இப்பவாச்சும் நிம்மதியா இருக்கறாங்களான்னு கேட்டதாச் சொல்லு.

அப்பா உன்ற கடுதாசிய என்னைய மூணு தடவை படிக்கச் சொன்னாங்க. போல்ட்டுன்னு வர்ற எடத்துல ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, படத்தைக் கைல வாங்கிப் பாத்தாங்க. பொறவு வேட்டி மாத்திக்கிட்டு, பையில எல்லாத்தையும் போட்டுக்கிட்டு அத்தனூருக்குப் போனாங்க. முட்டி வலிய வெச்சுக்கிட்டு அத்தனை தூரம் நடந்தே.

முத்தாயம்மா உக்கார வெச்சு மோரு குடுத்து மரியாதையாத்தான் பேசியிருக்கறாங்க. காகிதத்தையெல்லாம் தொடல. மொதல்ல ஒரு வருசம் சொன்ன புள்ளை, பேச்சு நின்னதும் இன்னொரு வருசம் சொல்லுது, அக்கா மேல பாசம் இருக்கற புள்ளை வேற எப்புடிங்க எழுதும்னு கேட்டாங்களாம். அப்பா படத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. அந்தம்மா கேட்டதுலயும் ஞாயம் இருக்குது, என்ன பண்றது.

திண்டாட்டம் ஒண்ணுமில்ல கண்ணு. எனக்கு இருவத்தி நாலு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, ஒரே கடுதாசில அஞ்சு வயசு கொறைஞ்சு போச்சு. அம்மா கையும் கெடச்சுது. பெரிய கண்ணாடியா வாங்கிச் சட்டம் போடச் சொல்லியிருக்கறாங்க அப்பா.

நோட்டுல படம் ஒட்டறத நிறுத்தியிருந்தா, மறுபடி ஆரம்பி.
அக்கா

*

அத்தனூர்
21-1-1939

கொழுந்தியா வசந்தாமணிக்கு,

மயில்சாமி எழுதறதுங்க. உங்களை இப்புடிக் கூப்படலாம்னு நேத்து நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாத்துனப்பத்தான் ஆச்சு, அதனால மொதல் வேலையா எழுதறேன். இங்க நானும் அம்மாளும் சுகமுங்க. அங்க மாமா, அத்தை, அருணகிரி எல்லாரும் நல்லா இருக்கறாங்கன்னு உங்கக்கா சொன்னா. கல்யாணம் மாசிலைங்க. உங்கப்பாவுக்குத் தனியாச் சேதி வரும்.

என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியோணும். உங்க பெரியப்பா வந்துட்டுப் போன பொறவு பையில இருந்த காகிதமெல்லாம் எங்க ஊட்டுலயே கெடந்துச்சு. நான் எடுத்துப் படிச்சேன். நான் இன்ஜின் வேலை பாக்கறவனுங்க, போல்ட்டு வெச்ச ரிம்மு எதுக்குன்னு எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்ல. ஆனா அம்மாளுக்குப் போல்ட்டைச் சொல்லிப் புரிய வெக்க முடியாது. ஒரு மாசம் அது எப்புடின்னே தெரியாமச் சுத்தறேன். பொங்கலன்னிக்கு அம்மா மறுபடியும் அதையே சொன்னாங்க, அக்காளுக்காக எழுதற புள்ளைய எப்புடி நம்பறதுன்னு.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. அந்த மொதக் கார்டைப் பத்தி ஊரே பேசுச்சல்லங்க. நான் சொன்னேன், “அம்மா, தன்ற அக்கா கல்யாணம் நின்னுபோகும்னுகூடப் பாக்காம, சந்தைக்கு நடுவுல படிக்கற மாதர காரோட வருசத்த எழுதுன புள்ளைங்க அது. அதுக்கு அக்காளை விடக் காருதான் பெருசு. அது காரு விசயத்துல பொய் எழுதாது.”

அம்மா, “அப்புடி ஒரு புள்ளைய ஆரு கட்டிக்கப் போறானோ பாவம்” அப்புடின்னாங்க. அவ்வளவுதானுங்க, மக்யா நாள் வெத்தலை பாக்கு வாங்கச் சொல்லிட்டாங்க.

நீங்க கோவிச்சுக்கக் கூடாது. காரியம் ஆகோணும்னு சொன்னது.

இன்னொண்ணும் எழுதோணும். உங்ககிட்ட மறைச்சா நல்லா இருக்காதுங்க. உங்கக்கா ரெண்டு வயசு மூத்தவளா இருந்தாலும் அம்மாளை எதுத்துட்டுக் கட்டியிருப்பேன்னு சொல்லோணும்னு எனக்கு ஆசை. புரட்டாசில இருந்து மார்கழி வரைக்கும் நான் அந்தப் பக்கம் ஒரு நாள் சைக்கிளை மிதிக்கல. அந்தச் சக்கரம் இல்லாமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

நேத்து எல்லாரும் சாப்படப் போனப்ப, உங்கக்காகிட்ட இதை அப்புடியே சொல்லிட்டேன். அவ, “கட்டியிருப்பேன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேனுங்க” அப்புடின்னு சொல்லிட்டு எலை எடுக்கப் போயிட்டா.

மழை வெயில் பாத்து ஒடம்பப் பாத்துக்கங்க, கல்யாணத்துக்கு மூணு நாள் முந்தியே வந்து சேருங்க.

இப்படிக்கு,
உங்க மச்சான்
மயில்சாமி